முழுசுக்கு மேல் ஒரு படி

மார்ச் 4, செவ்வாய். இன்று ஒரு தவறு செய்தேன். விளக்கின் கம்பியை வகுப்புப் பலகையின் ஓரத்தில் உள்ள நான்காம் பின்னில் இணைத்துவிட்டேன். அந்தப் பின்னுக்குப் பக்கத்தில் நெளிகோடு இல்லை. நெளிகோடு இல்லாத பின்னுக்குப் பாதி வெளிச்சம் கொடுக்கத் தெரியாது. எரிந்தால் முழுசாக எரியும், இல்லாவிட்டால் அணைந்து கிடக்கும். நான் வகுப்பு முடியும்வரை நிரலில்தான் பிழை என்று தேடிக்கொண்டிருந்தேன். முதலில் பலகையைப் பார்த்திருக்க வேண்டும். தவறு என்னுடையது. இதையாவது சரியாகப் புரிந்துகொண்டேனா என்று மாஸ்டரிடம் கேட்க வேண்டும்.

இருளை ஒழிப்பதாகச் சொன்ன மகான்கள் உலகில் எத்தனையோ பேர் தோன்றி மறைந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட அதை முறைப்படி, கோப்பு எண் போட்டு, உரிய மேலொப்பம் வாங்கிச் செய்ததில்லை. இருளுக்கும் ஒளிக்கும் நடுவே பஞ்சாயத்துப் பேசி, இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்தி, மின்செலவையும் மிச்சம் பிடித்த பெருமை குடியிருப்புப் பராமரிப்பு அலுவலகம் ஒன்றுக்கே உண்டு. அந்தப் புகழைப் பாடப் புகுமுன், மேலே உள்ள நாட்குறிப்பை எழுதிய பெண்ணைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அலுவலகத்தின் ஆண்டறிக்கை அவளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லப்போவதில்லை.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் 'டெம்பரரி'. தற்காலிகத் தட்டச்சர் என்பதை யாரும் முழுசாகச் சொல்வதில்லை. அவள் உட்கார்ந்த நாற்காலி நிரந்தரம். மேசை நிரந்தரம். மேசைக்கடியில் வந்து படுக்கிற பூனைகூட நிரந்தரம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், ஏனென்றால் அதற்கு மதியம் பால் ஒதுக்கீடு இருந்தது. அவள் மட்டும் டெம்பரரி. சேர்ந்தபோது வாங்கிய செருப்பு தேய்ந்து, அதற்கு அடுத்ததும் தேய்ந்துவிட்டது. நியமனம் தேயவும் இல்லை, வளரவும் இல்லை.

எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற பெண் அவள். சரிபார்த்தது சரியா என்று மூன்றாம் தடவை பார்ப்பாள். அப்படிப்பட்டவள், மின்னணுப் பலகைக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் மாலை வகுப்பில் சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. சைக்கிள் கடைக்கு மேல் ஒரு நீள அறை. ஆளுக்கு ஓர் உள்ளங்கை அளவு நீலப் பலகை. அதன் ஓரங்களில் வரிசையாகப் பின்கள். சில பின்களுக்குப் பக்கத்தில் மட்டும் குட்டியாக ஒரு நெளிகோடு.

"இந்தப் பலகைக்கு ரெண்டே பதில்தான் தெரியும்," என்றார் மாஸ்டர். "உண்டு, இல்லை. விளக்குக்குக் கரண்ட் உண்டு, கரண்ட் இல்லை. நடுவுல ஒண்ணும் கிடையாது."

"அப்புறம் எப்படி சார் மங்கலா எரியுது?"

"மங்கலா எரியலம்மா. எரிஞ்சு எரிஞ்சு அணையுது. நொடிக்கு ஐந்நூறு தடவைகிட்ட. உன் கண்ணு அவ்வளவு வேகத்துக்கு ஓடாது. பாதி நேரம் எரிஞ்சு பாதி நேரம் அணைஞ்சா, கண்ணு அதைப் பாதி வெளிச்சம்னு எடுத்துக்கும். கால்வாசி நேரம் எரிஞ்சா கால் வெளிச்சம். எவ்வளவு வேணும்னு நீ ஒரு நம்பர் கொடுக்கணும். சைபர்னா இருட்டு. 255னா முழுசு. 128 ஏறக்குறைய பாதி."

இதற்கு ஆங்கிலத்தில் ஒரு நீளப் பெயர் உண்டு. வகுப்பில் பி.டபிள்யூ.எம். என்று சுருக்கிச் சொன்னார்கள். எரிகிற நேரத்தின் பங்குக்கு 'டியூட்டி சைக்கிள்' என்று பெயர். வகுப்பில் கொடுத்த தமிழ்க் குறிப்பில் யாரோ ஒரு புண்ணியவான் அதைக் 'கடமைச் சுழற்சி' என்று மொழிபெயர்த்திருந்தார். அந்த மொழிபெயர்ப்பு ஓர் அலுவலகத்தின் தலையெழுத்தை மாற்றப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

டெம்பரரி சின்ன விளக்கை மூன்றாம் பின்னுக்கு மாற்றி 128 கொடுத்தாள். விளக்கு சாதுவாக, பாதி வெளிச்சத்தில் எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு அண்ணியின் ஞாபகம் வந்தது.

*

அவள் அண்ணனோடும் அண்ணியோடும் ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருந்தாள். அண்ணன் பஸ் ஓட்டுநர். அண்ணி வீட்டிலேயே தையல். அண்ணிக்கு இது எட்டாம் மாதம். அந்தக் குடியிருப்பின் படிக்கட்டில் பட்டப்பகலிலும் இருட்டு. கட்டும்போது படிக்கட்டுக்கு ஜன்னல் வைத்தார்கள். பிறகு பக்கத்தில் இன்னொரு கட்டடம் வந்து ஜன்னலோடு முட்டிக்கொண்டு நின்றது. ஜன்னல்களுக்கு வேலை போய்விட்டது, செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். விளக்கு எரிந்தால்தான் படி தெரியும்.

அந்த விளக்குகளைப் பராமரிப்பது டெம்பரரி வேலை பார்த்த அதே அலுவலகம். மின்செலவைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தபோது, அலுவலகம் அன்றே நிறைவேற்றியது. ஒன்று விட்டு ஒன்று விளக்கைப் பிடுங்கியது. கீழ்த்தளத்தில் வெளிச்சம், முதல் மாடி இருட்டு, இரண்டாம் மாடி வெளிச்சம், மூன்றாம் மாடி இருட்டு.

"கீழ மனுஷியா கிளம்புறேன்," என்பாள் அண்ணி. "முதல் மாடியில வௌவால். ரெண்டாவது மாடியில மறுபடி மனுஷி. வீட்டு வாசலுக்கு வரும்போது மறுபடி வௌவால். பொறக்கப்போற புள்ளை எதுவா பொறக்கும்னு உங்க ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுங்க நாத்தனாரே."

அண்ணி ஒரு புகார் எழுதிப் போட்டாள். அந்தப் புகார் சுற்றிச் சுற்றி டெம்பரரியின் மேசைக்கே வந்தது. 'தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலைத் தன் கையாலேயே தட்டச்சு செய்து, உறையில் போட்டு, தபால் செலவை மிச்சம் பிடித்து, சாயங்காலம் தானே கொண்டுவந்து அண்ணியிடம் கொடுத்தாள். அண்ணி அதைப் பிரித்துப் படித்தாள். அன்று சாம்பாரில் உப்பு சற்றுத் தூக்கலாக இருந்தது.

எனவே டெம்பரரி ஒரு மனு எழுதினாள். பிடுங்கிய விளக்குகளைத் திரும்ப மாட்டலாம். எல்லா விளக்கையும் ஒரு நீலப் பலகை வழியாகப் பாதி வெளிச்சத்தில் எரியவிடலாம். செலவு அதே பாதிதான். ஆனால் எல்லாப் படியும் தெரியும்.

கண்காணிப்பாளர் மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் சிந்திக்கிறார் என்று பொருள். மாட்டினால் முடிவெடுத்துவிட்டார் என்று பொருள். நடுவில் யாரும் தும்மக்கூட மாட்டார்கள்.

"டெம்பரரி."

"சார்."

"விளக்கு பாதி நேரம் அணைஞ்சிருக்கும்னு எழுதியிருக்க."

"ஆமா சார். ஆனா ரொம்ப வேகமா..."

"பாதி நேரம் அணைஞ்சிருக்கும்."

"ஆமா சார்."

"யாருக்கும் தெரியாது."

"தெரியாது சார். ஏன்னா அவ்வளவு வேகத்துல..."

"பாதி நேரம் வேலை செய்யல. யாருக்கும் தெரியல. புகாரும் வரல." கண்காணிப்பாளரின் குரல் தழுதழுத்தது. "இத்தனை வருஷமா நாம பண்ணிக்கிட்டிருந்ததுக்கு ஒரு பேர் இருக்குன்னு தெரியாமப் போச்சேம்மா! என்ன பேர் அது?"

"கடமைச் சுழற்சி சார்."

அவர் கண்ணாடியை மாட்டினார்.

*

அன்று முதல் அந்த அலுவலகம் கடமைச் சுழற்சியில் இயங்கத் தொடங்கியது. முதல் சோதனை புகார் கவுண்டரில். கவுண்டரின் ஷட்டரை வேகமாகத் திறந்து திறந்து மூடினால் மக்கள் கண்ணுக்கு அது பாதி திறந்த மாதிரி தெரியும் என்பது கண்காணிப்பாளரின் கணிப்பு. அந்தப் பொறுப்பு தலைமை எழுத்தரிடம் ஒப்படைக்கப்பட்டது. எல்லோரும் 'அக்கா' என்று கூப்பிடும் அந்த அம்மாள், மேலிடம் சொன்னால் கடல் தண்ணீரையும் கரண்டியால் மொண்டு ஊற்றக்கூடியவர். காலை முழுக்க ஷட்டரைத் தூக்கினார், இறக்கினார். வெளியே ஒரு பெரியவர் மனுவை நீட்டினார், இழுத்தார், நீட்டினார், இழுத்தார். கடைசியில் மனுவில் பாதி உள்ளே வந்தது.

"பாத்தியா?" என்றார் கண்காணிப்பாளர். "சரியா பாதி."

மதியத்துக்குள் அக்காவின் தோள்பட்டை வீங்கிவிட்டது. ஆகவே வேகம் குறைக்கப்பட்டது. ஒரு வாரம் கவுண்டர் திறந்திருக்கும், அடுத்த வாரம் மூடியிருக்கும்.

டெம்பரரி தயங்கித் தயங்கிப் போய் நின்றாள். "சார், வேகம்தான் சார் இதுல முக்கியம். மெதுவா அணைஞ்சு எரிஞ்சா பாதி வெளிச்சம் வராது சார். ஒரு தடவை வெளிச்சம், ஒரு தடவை இருட்டு, அவ்வளவுதான்."

"வேகம்கிறது தொழில்நுட்பம்மா. சராசரிங்கிறது கொள்கை. நாம கொள்கை பக்கம்."

திறந்த வாரத்தில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. எல்லோரும் திருப்தி என்றார்கள். மூடிய வாரத்தில் வந்தவர்களின் கருத்து கிடைக்கவில்லை. கருத்துப் படிவம் கவுண்டருக்கு உள்ளே இருந்தது.

இந்த அமோக வெற்றியின் குஷியில்தான் டெம்பரரியின் மனுவும் ஒப்புதல் பெற்றது. முதலில் அவள் குடியிருக்கும் கட்டடத்தில் மட்டும். கெட்டுப்போனால் திட்டு வாங்குவதற்கு ஆள் அங்கேயே இருக்கும் என்பது நிர்வாகத்தின் தொலைநோக்கு. பலகை அவளுடையது. கம்பிகள் வகுப்பில் மிஞ்சியவை. அலுவலகம் அனுமதியையும், பெட்டியை மாட்ட ஓர் ஆணியையும் வழங்கியது.

கீழ்த்தளத்தில் மீட்டருக்குப் பக்கத்தில் பெட்டியை மாட்டினாள். நெளிகோடு இருக்கிறதா என்று பார்த்தாள். பார்த்தது சரியா என்று மறுபடி பார்த்தாள். மூன்றாம் பின். 128. கீழிருந்து மூன்றாம் மாடிவரை எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில், கண்ணை உறுத்தாமல் எரிந்தன.

அண்ணி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். கைப்பிடியைப் பிடிக்காமலேயே இரண்டு படி இறங்கினாள். நின்றாள். குனிந்து பார்த்தாள்.

"என் கால் தெரியுதுடி!"

"எப்பவும் இருக்கிறதுதானே அண்ணி."

"வயிறுதான் மறைக்குதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். உங்க ஆபீஸ்தான் மறைச்சிருக்கு."

அன்று சாம்பாரில் உப்பு அளவாக இருந்தது.

*

நல்லது நடந்தால் நாலு பேருக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது என்பது நிர்வாகத்தின் தர்மம். திட்டத்தைத் தொடங்கிவைக்க இயக்குநரே நேரில் வருவதாக முடிவாயிற்று. ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் விளக்கை எப்படித் தொடங்கிவைப்பது என்று டெம்பரரி கேட்கவில்லை. கேட்க நினைத்தாள், அதற்குள் கண்காணிப்பாளர் வேறொன்று சொன்னார்.

"இயக்குநர் படியேறி மூணாவது மாடிக்கு வர்றார். அங்க, உன் விளக்குக்குக் கீழயே நின்னு, உன் நிரந்தர ஆணையில கையெழுத்துப் போடுறார். எப்படி?"

டெம்பரரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சார்..."

"அழாத. இப்ப எவ்வளவு வச்சிருக்க?"

"128 சார். பாதி."

"இயக்குநருக்குப் பாதி வெளிச்சமா! நம்மளப் பத்தி என்ன நினைப்பார்?"

"அன்னிக்கு மட்டும் முழுசா வைக்கிறேன் சார். 255."

"முழுசு எல்லாருக்கும் வைக்கிறது. துணை இயக்குநர் நம்ம ஆபீசுக்கு வந்தப்பவே எல்லா லைட்டையும் முழுசாப் போட்டோம். இவர் அவருக்கு ஒரு படி மேல." கண்காணிப்பாளர் யோசித்தார். "256 வை."

டெம்பரரி பொறுமையாக விளக்கினாள். அந்த நம்பரை வைக்கிற இடம் சின்னது. சைபரிலிருந்து 255 வரைதான் கொள்ளும். அதற்கு மேல் ஒன்று வைத்தால் இடம் போதாமல் மறுபடி சைபருக்கே வந்துவிடும். சைபர் என்றால் இருட்டு.

"256 பெருசா, 255 பெருசா?"

"256தான் சார் பெருசு. ஆனா அந்தப் பலகைக்குள்ள..."

"கணக்கு எல்லா எடத்துலயும் ஒண்ணுதாம்மா. பலகைக்கு ஒரு கணக்கு, ஆபீசுக்கு ஒரு கணக்கா? எதுக்கும் கூட்டத்துல வச்சிடுவோம்."

கூட்டத்தில் வைத்தார்கள். '255ஐவிட 256 பெரியது' என்ற தீர்மானத்தைக் கண்காணிப்பாளர் முன்மொழிந்தார். அக்கா வீங்கிய தோளோடு வழிமொழிந்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். எல்லோரும் தூக்கினார்கள். எல்லோரும் டெம்பரரியைப் பார்த்தார்கள். அவள் யோசித்தாள். 255ஐவிட 256 பெரியதா? பெரியதுதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து பெரியதுதான். ஒருவேளை பலகை விஷயத்தில் நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ? அவள் கை பாதி எழுந்தது. சராசரியாகப் பார்த்தால் அது எழுந்ததாகவே கொள்ளலாம்.

'தொழில்நுட்ப வல்லுநர் முன்னிலையில் ஏகமனதாக நிறைவேறியது' என்று அக்கா எழுதிக்கொண்டார்.

அன்று மாலை வகுப்பில் அவள் சோதித்துப் பார்த்தாள். 255: முழு வெளிச்சம். 256: இருட்டு. ஒருவேளை தன் பலகையில்தான் கோளாறோ என்று பக்கத்துப் பையனின் பலகையிலும் போட்டுப் பார்த்தாள். அங்கேயும் இருட்டு.

வீட்டுக்கு வந்து சொன்னாள். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"எங்க பஸ்ஸுலயும் அப்படித்தான். கிலோமீட்டர் காட்டுற டப்பாவுல எல்லாம் ஒன்பது ஆன பிறகு, அடுத்த கிலோமீட்டருக்கு எல்லாம் சைபர். அதுக்காகப் பஸ்ஸு புதுசாயிடுமா? நான்தான் ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா அதோட லட்சணம்."

"உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணாங்கிறது இதுதான்," என்றாள் அண்ணி. "நாத்தனாரே, நான் ஒண்ணு சொல்லட்டா? பேசாம 255ஐப் போடு. 256ன்னு சொல்லு. அவரு வருவாரு, பார்ப்பாரு, கையெழுத்துப் போடுவாரு, போயிடுவாரு. ஒனக்கு வேலை, எனக்கு வெளிச்சம்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா அண்ணி?"

"பொய் இல்லடி. உங்க ஆபீஸ் பாஷையில சராசரி உண்மை."

டெம்பரரி வெகுநேரம் யோசித்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொய்யைச் சொல்லலாம் என்று முடிவெடுத்தாள். முடிவு சரியா என்று ஒரு தடவை சரிபார்த்தாள். ஆனாலும், எதற்கும் நாளைக்கு நான் வந்து கூப்பிடும்வரை வாசலைத் தாண்டாதீர்கள் என்று அண்ணியிடம் சொல்லிவைத்தாள்.

*

இயக்குநர் வந்தார். அவருக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் நாலு பேர், பக்கத்தில் கண்காணிப்பாளர். கீழ்த்தளத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் டெம்பரரி தன் லேப்டாப்போடு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில், அவள் எதிர்பார்க்காதபடி, அக்கா.

"நீங்க மேல போகலையா அக்கா?"

"நம்பர் தீர்மானப்படி போடப்பட்டதான்னு சான்று கொடுக்கச் சொல்லியிருக்காரும்மா. நான் பார்த்துக் கையெழுத்துப் போடணும்."

மேலே மூன்றாம் மாடியை அடைந்ததும் கண்காணிப்பாளர் கைதட்டுவார், அப்போது நம்பரை அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. காலடிச் சத்தங்கள் முதல் மாடியைத் தாண்டின. இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கின. டெம்பரரி வேகமாக 255 என்று அடித்தாள்.

அக்கா கண்ணை இடுக்கிப் பார்த்தார். "ஒண்ணு குறையுதேம்மா."

"அக்கா, ஒண்ணு கூட்டினா அணைஞ்சிடும் அக்கா. சத்தியமா."

"எனக்கென்னம்மா தெரியும். 256ன்னு எழுதியாச்சு. எழுதினதை அழிச்சா மை தெரியும்." அக்கா குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, நிரந்தரம் வேணுமா வேணாமா ஒனக்கு? நெளிஞ்சு கொடுத்துப் போகப் பழகு."

மேலே கைதட்டும் சத்தம் கேட்டது. டெம்பரரி ஐந்தை அழித்து ஆறு போட்டாள். அனுப்பினாள்.

நாலு தளமும் ஒரே இருட்டாயிற்று. முன்பு ஒன்று விட்டு ஒன்றாக இருந்த இருட்டு இப்போது பாரபட்சம் இல்லாமல் எல்லா மாடிக்கும் கிடைத்தது.

டெம்பரரி கைப்பிடியைத் தடவிக்கொண்டு படியேறினாள். மேலிருந்து குரல்கள் இறங்கி வந்தன.

"என்னய்யா இது?" இது இயக்குநர்.

பிறகு கண்காணிப்பாளரின் குரல், கொஞ்சமும் நடுக்கமில்லாமல்: "ஐயா இப்ப பார்த்துக்கிட்டிருக்கிறது இருட்டுப் பாதிங்க ஐயா."

"இருட்டுப் பாதியா?"

"கடமைச் சுழற்சியில ரெண்டு பாதிங்க ஐயா. ஒளிப்பாதி இதுக்கு அடுத்தது."

"ஓஹோ. எப்ப வரும்?"

"அது தொழில்நுட்பம்ங்க ஐயா."

"சரி, பார்ப்போம்."

காத்திருந்தார்கள். இருட்டில் ஒரு கூட்டமே மரியாதையாக நின்று ஒளிப்பாதிக்குக் காத்திருந்தது. யாரோ யாருடைய காலையோ மிதித்தார்கள். மிதிபட்டவர் மன்னிப்புக் கேட்டார். மிதித்தவர் யார் என்று தெரியாததால் அதுதான் பாதுகாப்பு.

"இப்ப கரண்ட் எவ்வளவு ஆகுது?" என்றார் இயக்குநர்.

கண்காணிப்பாளர் கீழே கத்தினார். அக்காவின் குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல் வந்தது. "மீட்டர் அசையவே இல்லைங்க ஐயா!"

"வெளிச்சம் எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"256ங்க ஐயா! சான்று கொடுத்தாச்சுங்க ஐயா! முழுசுக்கு மேல ஒரு படி!"

இருட்டில் இயக்குநர் இழுத்து மூச்சு விடுவது டெம்பரரிக்குக் கேட்டது. அவள் இரண்டாம் மாடியில் இருந்தாள்.

"முழுசுக்கு மேல வெளிச்சம். செலவு சைபர்." இயக்குநரின் குரலிலும் இப்போது அதே தழுதழுப்பு. "இதைத்தான்யா நான் எல்லா ஆபீஸ்லயும் கேட்டுக்கிட்டிருக்கேன். பாதியாக் குறைங்கன்னா பாதியாக் குறைக்கிறான். முழுசாக் குறைக்கணும்னு ஒருத்தனுக்குத் தோணலியே! எங்கய்யா அந்த ஆணை?"

காகிதம் சரசரத்தது. பேனாவைத் திறக்கும் சத்தம். அப்போதுதான் மூன்றாம் மாடியில் ஒரு கதவு திறந்தது. அண்ணி செல்போன் விளக்கோடு வாசலில் நின்றாள்.

"யாருய்யா அது, என் வாசல்ல நின்னு குசுகுசுன்னு?"

"பயனாளிங்க ஐயா," என்றார் கண்காணிப்பாளர்.

"ரொம்ப நல்லது. அந்த வெளிச்சத்தை இப்படிக் கொஞ்சம் காட்டும்மா."

அண்ணி காட்டினாள். அவள் செல்போன் வெளிச்சத்தில் இயக்குநர் கையெழுத்துப் போட்டார். அதே வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். திட்டத்தில் பொதுமக்கள் பங்கேற்பு என்ற பத்தி பின்னால் அறிக்கையில் சேர்ந்தது இதனால்தான்.

"சார், லைட்டு எப்ப வரும்?" என்றாள் அண்ணி.

"அடுத்த பாதியிலம்மா," என்றார் கண்காணிப்பாளர்.

"அடுத்த பாதி எப்ப?"

"சராசரியாப் பார்த்தா..."

"இந்தா பாருங்க, எனக்கு மாசம் நெருங்குது. நான் இந்தப் படியில சராசரியா இறங்க முடியாது. ஒவ்வொரு படியாத்தான் இறங்கணும். எந்தப் படியில விழுந்தாலும் முழுசாத்தான் விழுவேன்."

டெம்பரரி மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தாள். கண்காணிப்பாளர் ஆணையை அவள் கையில் திணித்தார். செல்போன் வெளிச்சத்தில் கையெழுத்து தெரிந்தது. கோட்டுக்கு மேலே போடவேண்டியதைக் கோட்டுக்குக் கீழே போட்டிருந்தார். செல்லுபடியாகும்.

"சார்," என்றாள் டெம்பரரி. யாரோ வேறு ஒருத்தி பேசுவதுபோல் அவளுக்கே கேட்டது. "இது இருட்டுப் பாதி இல்ல சார். வெறும் இருட்டு. 256ன்னா சைபர் சார். நான்தான் போட்டேன்."

இயக்குநர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். இருட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தால் அது யார் சிரிப்பு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"ஆணை கைக்கு வந்ததும் வாயும் நிரந்தரமாயிடுச்சு பாருங்க," என்றார் இயக்குநர் வாஞ்சையோடு. "நல்ல பொண்ணு. இவ கையாலயே எல்லாக் கட்டடத்துலயும் 256 போடச் சொல்லுங்க. நாளையிலேர்ந்தே ஆரம்பிக்கட்டும். கொஞ்சம் நெளிவு சுளிவு மட்டும் கத்துக்கொடுங்க."

பிறகு அவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாகக் கீழே இறங்கினார்கள். ஒரு நிர்வாகம் அவ்வளவு ஒற்றுமையாக இறங்கியதை அந்தப் படிக்கட்டு அதற்கு முன் பார்த்ததில்லை.

இப்போது அந்த அலுவலகத்தின் ஆவணங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். சுற்றுவட்டாரத்திலேயே அதிக வெளிச்சமுள்ள படிக்கட்டு அதனுடையது. சான்று இருக்கிறது. மிகக் குறைந்த மின்செலவும் அதனுடையதே. மீட்டர் இருக்கிறது. இயக்குநர் மனம் குளிர்ந்துவிட்டார், கண்காணிப்பாளருக்குப் பாராட்டுக் கடிதம் வந்துவிட்டது. ஆகவே, அந்த அலுவலகம் மக்களை இருட்டில் வைத்திருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அது வெளிச்சத்தை முழுசுக்கு மேலேயே கொடுத்திருக்கிறது. அதைப் பார்க்க மக்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை, அவ்வளவுதான். படியில் விழுகிறவர்கள் அலுவலகத்தின்மேல் பழி போடக்கூடாது. ஏகமனதாகக் கை தூக்கியவர்கள் யார் யார் என்று கேட்டு, அவரவர் வீட்டு வாசலில் போய் விழலாம்.

ஏப்ரல் 9, புதன். இன்று ஆணை கிடைத்தது. அண்ணன் இனிப்பு வாங்கி வந்தான். அண்ணி சாப்பிடவில்லை, கீழே போய் வர முடியாததால் இன்று தைத்த துணி எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. இன்றைய தவறு இரண்டு. கூட்டத்தில் கை தூக்கினேன். கீழே நின்று ஐந்தை அழித்து ஆறு போட்டேன். பலகையில் பிழை எதுவும் இல்லை. இந்த முறை பலகையைத்தான் முதலில் பார்த்தேன். நாளை அண்ணி மருத்துவரைப் பார்க்க இறங்குவதற்கு முன் நம் கட்டடத்தில் 128 போட வேண்டும். பிறகு மற்றக் கட்டடங்களுக்குப் போய், ஒவ்வொன்றிலும் 128 போட வேண்டும். பதிவேட்டிலும் 128 என்றே எழுதி, கையெழுத்துப் போட வேண்டும்.